மஞ்சள் படலம்

வெள்ளிமலையிலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவள் நான். ஆய்வுக்கூடத்தில் ஒரு கேலி எப்போதும் உண்டு: "ஊர்லயே வெள்ளி இருக்க, இங்க எதுக்கும்மா தேடுற?" சிரிப்பவர்களில் என் நெறியாளரும் ஒருவர்.

காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் முதலில் பாலிமரை லேசரால் சுட்டு மெல்லிய படலமாகப் படியவைப்பேன். பிறகு வெள்ளித் துண்டைச் சுடுவேன். ஆவியான வெள்ளி அந்தப் படலத்தின் மேல் கண்ணாடிபோலப் பளபளக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு வந்ததோ வெளிர்மஞ்சள்.

"பாலிமரைக் கருக்கிட்டே. தூக்கிப் போட்டுட்டு வேற தலைப்பு பாரு," என்றார் நெறியாளர், எல்லோர் முன்னாலும்.

"வெள்ளி இல்லாமலும் செஞ்சு பாத்தேன் சார். நிறமே வரல. வெள்ளி மேல படியாம, உள்ள போய்ச் சின்னச் சின்ன உருண்டையா வளருது. அவ்வளவு பொடியா இருந்தா வெள்ளி மஞ்சளாத்தான் தெரியும்."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அவ்வளவு சிறியதைக் காட்டும் மின்னணு நுண்ணோக்கி எங்களிடம் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். அம்மாவோடு சாமை அறுக்கப் போனவள் பாதி வரிசையிலேயே அரிவாளோடு நின்றுவிட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

சொன்னேன்.

"அப்ப வுட்டுடு. கள்ளக்குறிச்சியில பள்ளிக்கூட வேலைக்கு ஆள் தேடிக்கினு இருக்காங்க. பெரியவருகிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?"

"அவரு சொல்றது தப்பும்மா. நான் ஏன் வுடணும்?"

அம்மா அரிவாளோடு குனிந்துகொண்டாள். மறுநாள் நான் மலையிறங்கும் பேருந்தில் ஏறியபோது வழியனுப்பவும் வரவில்லை.

பையிலிருந்த படலங்களோடு, நுண்ணோக்கி இருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போனேன். நேரம் இல்லை என்றார்கள். நான் வாசலைவிட்டு நகரவில்லை. முன்பதிவு செய்திருந்த யாரோ வராமல் போக, மாலையில் கூப்பிட்டார்கள்.

குறுக்காகச் சீவிய படலம் திரையில் தெரிந்தது. பாலிமருக்குள்ளே கரிய உருண்டைகளாக வெள்ளி. வெள்ளியைக் குறைவாகச் சுட்டதில் உருண்டைகள் பொடிப்பொடியாக இருந்தன. அதிகம் சுட்டதில் பருத்திருந்தன. மிக அதிகமாகச் சுட்டதில்தான் ஒன்றையொன்று தொட்டு, மேலே தகடாகச் சேர்ந்திருந்தன. சந்தோஷத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது.

நெறியாளர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். இங்க எல்லாரும் கேட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

கட்டுரையில் 'வெள்ளி பாலிமருக்குள் வளர்கிறது' என்று எழுதினேன். 'வளரக்கூடும்' என்று மாற்றச் சொன்னார் நெறியாளர். மாற்றவில்லை. நான் எழுதியபடியே அச்சானது.