நான் ‘பொருந்தாது’ என்று எழுதிய கேள்வி

சபையாரே, போன ஆடியில் நான்கு நாள் நான் ஒரு கொலைகாரியைப் போலத் திரிந்தேன். கர்த்தர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லத்தான் நிற்கிறேன்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன கணவனை அங்கேயே இழந்த பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். யாரையும் பேட்டி எடுக்குமுன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பேசுகிறவர் மனம் உடைந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? ‘பொருந்தாது’ என்று எழுதி அனுப்பினேன். பதில் வர நாளானது. எனக்குப் பொறுமையில்லை. மேலகரத்தில் ஒரு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். கணவரோடு கடைசியாகப் போனில் பேசியபோது நடந்ததை, யாரிடமும் சொல்லாததை, என்னிடம் சொன்னார். எல்லாம் என் செல்போனில் பதிவானது. முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

“இனி நான் இருந்து என்ன செய்யப்போறேன்.”

நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் அழைத்தேன். சுவிட்ச் ஆஃப். நேரில் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை. அந்தக் குரல் என்னை விடவில்லை. சாரலில் இலஞ்சிக்கு நடக்கும்போது கேட்டது. ஆராதனையில் பாடும்போதும் கேட்டது. ஆம்புலன்ஸ் போனால் மேலகரம் பக்கம் திரும்புகிறதா என்று நின்று பார்த்தேன்.

அதுவரை அனுமதிக்காகத்தான் ஜெபித்திருந்தேன். நான்காம் நாள் ஆலயத்தில் முழங்காலிட்டேன். “அப்பா, பட்டம் வேண்டாம். அந்த அக்கா உயிரோடிருந்தால் போதும். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்” என்று அழுதேன்.

அன்று சாயங்காலம் புது நம்பரில் அழைப்பு வந்தது.

“நான்தாம்மா. செங்கோட்டையில தங்கச்சி வீட்ல இருக்கேன். போன் ரிப்பேராயிட்டு. நீ போனப்புறம் தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. நான் பேசுனத அழிச்சிரும்மா.”

“அழிச்சிருதேன்க்கா.”

அழித்தேன். மறுநாளே குழுவுக்கு உண்மையை எழுதினேன். ஆய்வை ஆறு மாதம் நிறுத்தினார்கள். என் ஆய்வு நெறியாளர் முகங்கொடுத்துப் பேசவில்லை. தென்காசியில் ஒரு மனநல ஆலோசகரைத் தேடிப் பிடித்தேன். அக்கா இப்போது அவரிடம் போய்வருகிறார். விண்ணப்பத்தை முதலிலிருந்து எழுதினேன். அனுமதியும் வந்தது.

குரல் முழுதாகப் போகவில்லை. அதை எடுத்துப்போடும்படி நான் கேட்கவும் இல்லை. வரும்போதெல்லாம் அக்காவுக்காக ஜெபிக்கிறேன்.

ஒன்றை மறைத்துக்கொண்டே ஜெபிக்கிறவர்கள் இங்கே இருக்கலாம். பயமாகத்தான் இருக்கும். கர்த்தரிடம் சொல்லிவிடுங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார். அவருக்கே ஸ்தோத்திரம்.