பின்னால் காட்டிய கட்டைவிரல்

போன வருடம் ஐப்பசி மாதம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே எங்கள் கார் நின்றுவிட்டது. காலை பத்தரை மணி இருக்கும். வண்டியில் நானும் என் கணவரும் மட்டும்தான்.

மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் எங்கள் மகள், மூன்று நாளாகக் காய்ச்சலோடு வாடகை அறையில் தனியாகப் படுத்திருந்தாள். அவளை அழைத்து வரத்தான் கிளம்பினோம். நின்ற இடத்தில் போனில் சிக்னலும் இல்லை.

அது பழைய டீசல் கார். இருபத்திரண்டு வருடம் என் கணவர் அதைக் கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு ஓட்டினார். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. டேங்கிலிருந்து வரும் டீசலை ஒரு பம்ப் அழுத்தி இன்ஜினுக்குள் பீய்ச்சும், அவ்வளவுதான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. இடது கையில் பேனாவைக் கொடுத்தாலும் வெறும் கோடுதான் வரும். அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டுமே என்று நாற்பத்தாறு வயதில் நான் ஸ்டியரிங் பிடித்தேன்.

நான் ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வண்டி மக்கர் பண்ணியது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் இன்ஜின் ஏறி இறங்கித் திணறும். மேட்டில் இழுக்காது. ஒரு மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார். இன்னொருவர் பம்பையே கழற்றி சேலத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து மாட்டினார். நான்கு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான்.

வண்டி திணறும்போதெல்லாம் என் கணவர் "ஊ... ஊ" என்று சத்தம் போட்டு, இடது கைக் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவார். திரும்பிப் போகலாம் என்கிறார், நான் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நிற்கும்போதும் காரின் பின்பக்கம் போய்த் தட்டுவார். டிக்கியில் எதையோ வைக்கச் சொல்கிறார் என்று திறந்து காட்டுவேன். கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்றும் ஏற்றம் ஆரம்பித்ததிலிருந்தே கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே வந்தார். கார் நின்றதும் சத்தம் இன்னும் அதிகமானது. மகளைப் பற்றிய கவலை, பின்னால் பள்ளம், வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்த பதற்றம். நான் கத்திவிட்டேன். "கொஞ்சம் சும்மா இருங்களேன்! பொண்ணு அங்க முடியாம கெடக்குது, திரும்பிப் போலாம்னா இன்னா அர்த்தம்?"

அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்போது கீழிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப் நின்றது. டிரைவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இறங்கி வந்து, "இன்னாக்கா ஆச்சு? ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணு, பாக்கலாம்" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். என் கணவர் மறுபடி கட்டைவிரலைத் தூக்கினார்.

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அவருக்குப் பேச்சு வராதுப்பா. திரும்பிப் போலாங்கிறாரு. ஆறு மாசமா இதான்."

அவர் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லக்கா. நீ சாவியத் திருப்புனப்போ அவரு தலைய சாய்ச்சிக்கினு இன்ஜினத்தான் கேட்டாரு. அவரு வண்டிக்காரருதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் கார்க் கதவைத் திறந்து என் கணவரின் முழங்கால் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணே, நான் ஒன்னொன்னா கேக்குறேன். பம்ப்பா?" என் கணவர் இல்லை என்று தலையாட்டினார். "பில்டரா?" இல்லை. "டேங்க் பக்கமா? லைன்ல காத்து இழுக்குதா?"

என் கணவர் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டிரைவர் தன் டூல் பையிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து, பில்டருக்கு வரும் லைனில் செருகினார். பில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அடித்தபோது டீசலோடு கொத்துக் கொத்தாகக் காற்றுக் குமிழிகள் ஓடின. பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். காரின் பின்பக்கம் இருக்கும் டேங்கை ஒட்டிய ரப்பர் குழாயின் முனையில் மயிரிழை அளவு வெடிப்பு. "டீசல் வெளிய ஒழுகல, காத்துதான் உள்ள போய்க்கினு இருந்திருக்கு. அதான் யாருக்கும் தெரியல" என்றார். வெடித்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டி, கிளிப்பை இறுக்கினார். குமிழி நிற்கும்வரை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினார்.

ஜீப்பில் ரேஷன் பைகளோடு இருந்தவர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெண் இறங்கி வந்து என் கணவருக்குத் தண்ணீர் புகட்டினாள்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. டிரைவர் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "சரியாண்ணே?" என் கணவர் காது கொடுத்துக் கேட்டு, இல்லை என்று தலையசைத்து மூன்று விரலைக் காட்டினார். பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் நான்கு குழாய்களில் மூன்றாவதன் நட்டை டிரைவர் லேசாகத் தளர்த்தினார். மிச்சமிருந்த காற்றோடு நுரையாக டீசல் வந்தது. மறுபடி இறுக்கியதும் இன்ஜின் சீராக ஓடியது. "அண்ணன் கையில ஒரு மாசம் வேல கத்துக்கணும்" என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊர், பேர் எதுவும் நான் கேட்கவில்லை.

மீதி வளைவுகளைக் கார் ஒரு மூச்சில் ஏறியது. வழியில் ஓரமாக நிறுத்தி, "ஆறு மாசமா சொல்லிக்கினே இருந்தீங்க, நான் கேக்கவேயில்ல" என்றேன். அவர் என் கையைத் தட்டி, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பதுபோல் முன்னால் காட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு மதியமே மலை இறங்கினோம். இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது.

பேச்சு போனதோடு அவருக்கு விவரமும் போய்விட்டது என்று நான் எந்த நாளில் முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. சாப்பாடு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், மாத்திரை கொடுத்தேன். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இப்போதும் அவர் சொல்வது பாதி நேரம் எனக்குப் புரிவதில்லைதான். ஆனால் அவர் இல்லை என்று தலையாட்டினால் விடுவதில்லை, ஆமாம் என்று சொல்லும்வரை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.