வலைக்காரியைத் தேர்ந்தெடுத்தவர்

என் கணவரை அவர் பேசுவதை வைத்துத் தெரிந்துகொண்டதைவிட, அவர் விளையாடுவதை வைத்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவர் வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் பொருத்தும் வேலை. நான் திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். தினமும் போனில் பேசுவோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே வெயிலா, இங்கேயும் வெயில்தான். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

இது முன்பே தெரிந்துதானோ என்னவோ, ஒரு சண்டை விளையாட்டை என் லேப்டாப்பில் ஏற்றிவைத்து, ஒரு கண்ட்ரோலரையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜப்பான் கார்ட்டூன் மாதிரி வரைந்த ஆட்கள். பெரிய கண், காற்றில் பறக்கும் முடி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் வரலாம், பின்னால் போகலாம், குதிக்கலாம். பக்கவாட்டில் விலகி ஓட வழி கிடையாது. அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை. நான் பள்ளி விட்டு வந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அவர் அங்கே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காத்திருப்பார்.

அவருடைய ஆள் ஒரு குடுமிக்காரன். மணி அடித்ததும் பாய்ந்து வருவான். தடுப்பது என் கணவருக்குப் பிடிக்காது. நான் தடுத்துத் தடுத்து, அவர் சலித்துத் தப்பு செய்கிற நேரம் பார்த்து அடிப்பேன். "நீ ஆடுறது வெளையாட்டு இல்ல, வாய்தா வாங்குறது" என்பார். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் ஆளை இரண்டு தடவை குனிந்து நிமிர வைப்போம். அது எங்கள் வணக்கம்.

விளையாட்டை விற்கிற இணையப் பக்கத்தின் அடியில் ஆடியவர்கள் தங்கள் கருத்தை எழுதுவார்கள். அதைப் படிப்பது எனக்கு ஆட்டத்துக்கு இணையான சுவாரசியம். படம் அருமை, கதை பூஜ்யம் என்று ஒருவர். தூர தேசத்தில் இருப்பவனோடு ஆடினால் அடி விழுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்று இன்னொருவர். அதிகம் திட்டு வாங்கியவள் ஒருத்தி. மீன் வலையை வைத்துச் சண்டை போடுகிற பெண். நாங்கள் அவளுக்கு வலைக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். தூரத்திலேயே நின்றுகொண்டு எதிராளி வரட்டும் என்று காத்திருப்பாள், வந்ததும் வலையை வீசுவாள். அவளை எடுத்து ஆடுகிறவர்கள் கோழைகள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சண்டை ஈசி மோடைப் பற்றி. சாதாரணமாக ஒரு பெரிய அடி வேண்டுமென்றால் இடது கட்டைவிரலைச் சுழற்றிக்கொண்டே வலது கையால் இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். பழக மாதக் கணக்காகும். ஈசி மோடில் ஒரே பட்டன் போதும். அப்படி ஆடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இலைப் படம் வரும். அந்த இலையைக் கண்டாலே பழைய ஆட்களுக்கு எரியும். என் கணவரும் எழுதியிருந்தார்: "ஆட்டம் பிரமாதம். இலை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் தாயம் ஆடப் போகலாம்." அதற்கு நூறு பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு மாதம் அவர் ஆடவே வரவில்லை. சைட்டில் வேலை அதிகம் என்றார். வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் என்றார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். திரையில் அவர் பெயர், பக்கத்தில் இலை. குடுமிக்காரன் இல்லை, வலைக்காரி நின்றாள்.

விளையாட்டுக்குச் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். மணி அடித்தது. அவள் பாயவில்லை. பின்னால் நகர்ந்து நின்றாள். நான் போனேன், வலை வந்து விழுந்தது. மறுபடி போனேன், தடுத்தாள். தடுக்கத் தெரியாத மனிதர் தடுக்கிறார். தொடங்குமுன் வைக்கிற வணக்கமும் இல்லை. மூன்று ஆட்டம் ஆடினோம். போனை எடுத்துக் கேட்டேன்.

"என்னங்க, வலைக்காரிய எடுத்துருக்கீங்க?"

"சும்மாதான். ஒரே ஆளோட ஆடி போரடிச்சுப் போச்சு."

"ஈசி மோடு வேற."

"கை தவறி மாத்திட்டேன் போல. விடு."

கை தவறி மாற்ற முடியாது. மூன்று இடத்தில் சம்மதம் கேட்கும். எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்த வாரமும் அதேதான். எனக்கு ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது: ஆடுவது அவர் இல்லை. அவருடைய அக்கவுண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைச் சமாளிக்க அறையில் இருக்கும் யாரையோ ஆடச் சொல்லிவிட்டு அவர் வேறெங்கோ போகிறார். எங்கே போகிறார்? யாரோடு? வலைக்காரியை எடுத்தது ஒரு பெண்ணாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த நினைப்பு வந்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்பதே மறந்து போகும்.

ஒரு சோதனை வைத்தேன். மணி அடித்ததும் நான் எதுவும் செய்யாமல் என் ஆளை இரண்டு தடவை குனிந்து நிமிர வைத்தேன். எதிரே வலைக்காரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவளும் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தாள். எங்கள் வணக்கம் வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே ஆடுவது அவர்தான். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்தான் என்றால் ஏன் இப்படி?

அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து அவருடைய கருத்தைத் தேடினேன். தாயம் காணோம். மாற்றி எழுதியிருந்தார். "எல்லாரும் ஆடக்கூடிய விளையாட்டு. ஈசி மோடு வைத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும்." கீழே பழைய ஆட்கள் வந்து துரோகி என்று திட்டியிருந்தார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. வாதம் என்றால் விடாத மனிதர், வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து என் மாமியார் வந்தார். நிலக்கடலை கொஞ்சம் கொண்டு வந்திருந்தார். அதை முறத்தில் கொட்டிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஏத்தா, அவன் அங்கிட்டுப் போயி வெள்ளக்காரனா ஆயிட்டானா?"

"ஏன் அத்தே?"

"நேத்து வீடியோவுல பேசுனான். சோத்தக் கரண்டியால திங்கிறான். அதுவும் எடது கையால. சின்னதுலேருந்து கையால பெசஞ்சு திங்கிற பய. என்னடான்னு கேட்டா, இங்கன எல்லாரும் இப்புடித்தான்னு சொல்றான். ஒனக்கு என்னமும் தெரியுமா?"

"தெரியல அத்தே" என்றேன். ஆனால் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஓவர்டைம், ஒரே பட்டன், காத்து நிற்கும் வலைக்காரி. வீடியோவில் சில வாரங்களாக அவருடைய வலது தோளுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மொட்டை மாடிக்குப் போய் வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்ததும் சிரித்தார்.

"என்ன, இந்த நேரத்துல?"

"ரெண்டு கையையும் காட்டுங்க."

"என்னது?"

"ரெண்டு கையையும் கேமராவுக்கு முன்னாடி காட்டுங்க."

"ஏம்மா, ஒனக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. காட்டுங்க."

போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். வலது கை மணிக்கட்டு வரை கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துக் கட்டி, உள்ளே கம்பி வைத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் வெளியே இருந்தது. குழாயைத் தூக்கும்போது கயிறு நழுவி, இரும்புத் தகட்டுக்கு நடுவே விரல் மாட்டிக்கொண்டது என்றார். ஆபரேஷன் முடிந்தது, வலி குறைந்துவிட்டது, வேலைக்கு அனுப்பாமல், தங்கும் கேம்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அதான் கட்டவெரல வச்சு ஆடிப் பாத்தேன். குடுமிக்காரனுக்கு அது பத்தல. இவளுக்குப் போதுது. அந்தப் பதட்டத்துல மொத நாளு வணக்கம் வைக்கவே மறந்துட்டேன்."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. அவர் வேறு பெண்ணோடு இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னோடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். முதலில் விழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் கை எங்கோ இடித்து வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

கீழே வந்தேன். மாமியார் கடலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்ல அத்தே. நல்லா இருக்காராம்."

"ம்" என்றார். அதற்கப்புறம் ஊருக்குப் போகும்வரை என்னை அவர் பார்த்த பார்வையே வேறு. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் சந்தேகப்படுவது தெரிந்தும் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. மகன் லீவில் வந்து இறங்கியபோது, பெட்டியை வாங்குவதுபோல முதலில் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முழுதாக மடங்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தார். என் கணவர் அதைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார், மெதுவாக.

இப்போது அவர் திரும்பிப் போய் ஸ்டோரில் சாமான் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடர்கிறது. இலை இன்னும் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலைக்காரியை வைத்தே என்னை அடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நான்தான் மாறிவிட்டேன். அவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் எனக்குப் போதவில்லை. ஒரு வலை தாமதமாக விழுந்தால் காய்ச்சலோ என்று நினைக்கிறேன். போன வாரம் தொடர்ந்து தோற்றார்.

"ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. நீ நல்லா ஆடுன, அதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஜெயிச்சாலும் ஒனக்குச் சந்தேகமா?"

நான் அன்று அப்படி ஒன்றும் நன்றாக ஆடவில்லை. வீடியோவைப் போடச் சொன்னேன்.