இடப்பக்கம் ஒதுங்கிய குண்டுகள்

நவம்பர் பதினான்கு, மாலை ஐந்தே கால்; மழை விட்டு இருபது நிமிடம். பர்மாவின் அலோன் ஊரில் புத்த பகோடாக் கோயில் திருவிழாவின் பலூன் சுடும் கடையில் நின்றேன். யாரோ புறா வேட்டைக்கு வைத்திருந்த, ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடும் பழைய காற்றுத் துப்பாக்கி. கடைக்காரப் பெண்மணியும் என்னைப் போலத் தமிழர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கழுத்துக் கயிற்றில் ஒரு திருப்புளி. ஒவ்வொருவரும் இரண்டாயிரம் கியாட்டுக்குப் பத்துக் குண்டு சுட்டதும், குண்டு போடக் குழாய் மடியும் இடத்திலுள்ள திருகாணியைத் திருப்பினார்.

என் பத்தில் கடைசி மூன்றும் இடப்பக்கம் ஒதுங்கின.

"ஏமாத்து! நாலு தடவை எண்ணிட்டேன், இந்தம்மா திருகாணியைத் தளர்த்தி வைக்குது!" என்று பர்மிய மொழியில் கத்தினேன். வரிசையில் நின்ற ஏழு பேரும் கலைந்தார்கள்.

"முறுக்கத்தான் செய்றேன் ஐயா," என்றார் தமிழில். "ஸ்பிரிங் அடிக்கிற அடியில தானா கழலுது. இன்னைக்கு ஏழுலயே கழண்டுடுச்சு. எத்தனை தடவைன்னு எண்ணுனீங்களே, எந்தப் பக்கம் திருப்புறேன்னு பாத்தீங்களா? ரெண்டு நாள் மழை. இன்னைக்குத்தான் ஆளு வந்துச்சு."

திருப்புளியை என்னிடம் தந்தார். முக்கால் சுற்று முறுக்கிச் சுட்டேன், பலூன் வெடித்தது.

போன ஏழு பேருக்கான பணத்தை நீட்டினேன்.

"சுடாத குண்டுக்குக் காசு எதுக்கு? சுட்டுட்டுக் குடுங்க."

தோள் நோக எழுபதும் சுட்டேன். ஐந்துக்கு ஒருமுறை முறுக்கித் தந்தார். மன்னித்தாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. என் பத்தையும் சேர்த்துப் பதினாறாயிரம் கியாட் கொடுத்தேன்.