கள்ளிக்குப்பத்துப் பலாக்கட்டைகள்

ஹேமநாதன் கள்ளிக்குப்பத்தை விட்டுக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தை மாதம், பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் தெருவில் கிடந்தது. குட்டியானை வண்டியில் பீரோ, கட்டில், கிரைண்டர், உளிப்பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. அவன் மனைவி ஷோபனாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வீணை செய்கிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று அவளுடைய அண்ணன்மார் பேசி முடித்துவிட்டார்கள். வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டவை, அடுத்த வீட்டு விஜியின் கொல்லைக் கொட்டகையில் அவன் குடைந்து அடுக்கி வைத்திருந்த பலாக்கட்டைகள் மட்டும்தான்.

"இன்னா தம்பி, மெயினானத உட்டுட்டுப் போறே?" என்றாள் விஜி.

"பாதி காஞ்ச மரத்தை ஊர் மாத்தக் கூடாதுக்கா. ஓசூர்க் காத்து வேற. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு காஞ்சா வாயைப் பொளந்துடும். முழுசாக் காயட்டும், வந்து எடுத்துக்கறேன்."

"எப்ப காயும்?"

"அது காயறப்போ காயும்."

விஜியின் புருஷன் ஜெகதீசன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அவர் சிரித்துவிட்டார். "நல்லா சொன்னே மாமே. எங்க ஃபோர்மேன் கையில இத்த சொன்னா செவுள்லயே உடுவான்."

ஹேமநாதன் சிரிக்கவில்லை. அடுக்கின் மேல் தனியாகக் கிடந்த நீளக்கட்டையின் மீது கை வைத்துக்கொண்டு நின்றான். மற்றவையெல்லாம் வீணையின் வயிற்றுக்கான குடங்கள். செய்து முடித்ததும் கழுத்தாக நீளும் தண்டியைத் தனியாக ஒட்ட வேண்டும். இது அப்படி இல்லை. குடமும் தண்டியும் ஒரே மரத்தில் வருகிற ஏகாண்ட வீணைக்கானது. முடிச்சு இல்லாத, பிசகாத நார் ஓடுகிற ஒரு பலாவுக்காகப் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ தோப்புகளில் அலைந்திருக்கிறான். பத்திருபது வீணை விற்றவன், தனக்கென்று ஒன்றும் செய்துகொண்டதில்லை. இது அவனுக்கு.

"இத்த நான் பாத்துக்குறேன். நீ கெளம்பு," என்றாள் விஜி.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் வண்டியில் ஏறினான்.

பார்த்துக்கொள்வது பெரிய வித்தையல்ல. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ரீப்பர் குச்சி கொடுத்துக் காற்றுக்கு வழி விட வேண்டும். வெட்டுமுகத்தில் பூசிய மெழுகு உதிர்ந்தால் மறுபடி பூச வேண்டும். அங்கேதான் மரம் அவசரப்பட்டுக் காயும், அவசரப்பட்டால் வெடிக்கும். மேற்கு வெயிலுக்குக் கோணி கட்ட வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும். அமாவாசை என்பது விஜிக்காக அவன் சொன்ன கணக்கு. அன்றைக்கு எப்படியும் வாசலில் பூசணிக்காய் சுற்றுவாள், மறக்கமாட்டாள். போகப் போக அவள் கொட்டகைக்கும் சேர்த்துச் சூடம் காட்ட ஆரம்பித்தாள். "மரத்துக்கு எவன் கண்ணு வைக்கப் போறான்?" என்று ஜெகதீசன் கேட்டால், "உன் கண்ணுதான்," என்பாள். பைக்கை நிறுத்த அந்த இடத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

ஆனால் கொட்டகை பழைய கொட்டகையாக இல்லை. அவன் இருந்த நாளில் காலை இட்லி ஊற்றுகிற நேரத்துக்கு மரம் செதுக்கும் வாய்ச்சி விழுகிற சத்தம் ஆரம்பித்துவிடும். டொக், டொக், ஒரு இடைவெளி, மறுபடி டொக். அந்த இடைவெளியில் அவன் கட்டையைத் தட்டிக் காது கொடுப்பான். பலாத்தூள் காற்றில் பறந்து, கொடியில் ஈரமாக இருக்கும் துணியில் ஒட்டி, மஞ்சளாகக் கறை பிடிக்கும். மகள் கவிப்பிரியாவின் ஸ்கூல் சட்டை ஐந்து வருஷம் வெள்ளையாகவே இருந்ததில்லை. "ஏம்பா, எம் பொண்ணு இன்னா சாமியார் மடத்துலயா படிக்குது?" என்று விஜி கத்துவாள். அவன் உள்ளிருந்தே, "துவைச்சாப் போகாதுக்கா, சட்டை பழசானாத்தான் போகும்," என்பான். இப்போது துணியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கொடியிலிருந்து எடுக்கும்போது பழக்கத்தில் ஒரு தடவை உதறுவாள். ஒன்றும் உதிராது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது அந்தப் புயல் மழை வந்தது.

ஏரித் தண்ணீர் தெருவுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் கட்டில் மேல் ஏறியது. அரிசி மூட்டை, மிக்ஸி, டிவி, கவிப்பிரியாவின் சர்டிபிகேட்டுகள் பரணுக்குப் போயின. விஜி கொட்டகைப் பக்கம் திரும்பியபோது ஜெகதீசன் தடுத்தார். "மரம்தானே? தண்ணியில மெதக்கும், முழுவாது. இன்னா ஆயிடப் போவுது?"

அவளுக்கும் அது சரியென்று பட்டது. குடைந்த பலாக்கட்டை மிதக்கும் என்பது உண்மைதான். மிதந்தது. மிதந்து, தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகத் தெருவுக்குப் போய்விட்டது.

தண்ணீர் வடிந்தபின் விஜி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு குடம் மெக்கானிக் கடையில் டீசல் நிரம்பி, நட்டும் போல்ட்டும் ஊறக் கிடந்தது. ஒன்றில் மண் கொட்டிக் கற்பூரவல்லி நட்டிருந்தார்கள். இன்னொன்றில் தெருநாய் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறக்கிறவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "வூட்டுச் சாமான் போச்சுன்னு அயுவுற ஊருல, நீ கட்டையத் தேடிகினு கீறியே," என்று சிரித்தார்கள். குடங்கள் எல்லாம் கிடைத்தன. நீளக்கட்டை கிடைக்கவில்லை.

பின்தெரு வேம்புலியம்மாள்தான் கூப்பிட்டனுப்பினாள். ஆடு வளர்க்கிறவள், வாயும் கையும் பெரியவை.

"படகு மாரி ஒன்னு எங்க சுவுத்துல வந்து முட்டிகினு நின்னுச்சு. உன்துதான்னு தெரியும். ஒரே சேறு. வா, வந்து பாரு."

மொட்டை மாடியில், மழை விட்ட பிறகு அடிக்கிற சுள்ளென்ற வெயிலில், மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் நீளக்கட்டை கிடந்தது. வேம்புலியம்மாள் அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாள். மெழுகு மொத்தமும் போயிருந்தது. வெட்டுமுகத்திலிருந்து குடத்தின் விளிம்பை நோக்கி ஒரு விரிசல், முடி கனத்தில், கிளம்பியிருந்தது.

"இன்னாடி மூஞ்சி தொங்குது? தேய்ச்சி, கயுவி, நல்லா காயட்டும்னு வெயில் பாத்து வச்சிகீறேன். ஒரு டீத்தண்ணி கூட கேக்கல உன்னாண்ட!"

"நீ நல்லாத்தான் வச்சிகீறேம்மா," என்றாள் விஜி. அங்கேயே உட்கார்ந்து அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தாள். என்னவென்று திட்டுவது?

"சொல்லாத," என்றார் ஜெகதீசன். "வர்றப்போ பாத்துக்கட்டும். புயலு வந்துச்சு, நாம இன்னா பண்றது?"

விஜிக்கு மனசு ஒப்பவில்லை. விரிசலை போட்டோ எடுத்து, நடந்ததை எழுதி ஹேமநாதனுக்கு அனுப்பினாள். டிக் இரண்டும் நீலமாயின. பதில் வரவில்லை. போன் போட்டாள், அடித்து அடித்து நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் தடவைக்கு மேல் அவளுக்குக் கை வரவில்லை.

அவள் மறுபடி மெழுகு காய்ச்சிப் பூசினாள். விரிசலின் நுனியில் கவிப்பிரியாவின் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடுத்த அமாவாசைக்குப் பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. அங்கே ஒரு கோடு. அதற்கடுத்த அமாவாசைக்கு இன்னொன்று.

"ஆளே கோச்சிகினு பூட்டான்," என்றார் ஜெகதீசன். "நீ இன்னும் தாலாட்டிகினு கீறே. அந்த எடத்துல வண்டியாவது நிக்கட்டும்."

"அவன் கோச்சிகினா மரம் இன்னா பண்ணுச்சு? அந்தப் பக்கம் புடி."

திட்டிக்கொண்டேதான் அவரும் ஒரு பக்கம் பிடிப்பார். இரண்டு பேருமாகப் புரட்டிப் போடுவார்கள். கவிப்பிரியா வேலப்பன்சாவடிப் பக்கம் காலேஜ் சேர்ந்தாள். கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். எப்போதிலிருந்து என்று விஜிக்குச் சரியாக நினைவில்லை, பென்சில் புதுக் கோடு போடாமல், இருந்த கோட்டின் மேலேயே போய் நின்றது. அடுத்த அமாவாசைக்கும் அதே கோடு. ஒரு மழைக்காலம் போய், ஒரு கத்திரி வெயில் போய், மறுபடி மழைக்காலம் வந்தது. கோடு நகரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் போனை எடுக்கமாட்டான்.

ரேஷன் கடையில் நிற்கும்போது அந்த மெசேஜ் வந்தது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்துப் படித்தாள்.

"அக்கா, ஹேமநாதன். அன்னிக்கு போட்டோவைப் பார்த்ததும் கண்மண் தெரியாத கோவம். எடுத்தா ஏதாவது பேசிடுவேன்னுதான் போனை எடுக்கல. கோவம் போனப்புறம் வெக்கமாயிடுச்சு, அந்த வெக்கத்துலயே இத்தனை நாள் ஓடிப்போச்சு. கட்டையை வெச்சிருக்கீங்களா, அடுப்புல போட்டுட்டீங்களான்னு கேக்கக்கூட எனக்கு மொகம் இல்ல. இருந்தா ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. விரிசல் இன்னும் ஓடுதா, நின்னுடுச்சா? நின்ன விரிசலை அடைச்சிடலாம், வீணைக்கு ஒண்ணும் ஆகாது. நின்னுடுச்சுன்னு ஒரு வார்த்தை போடுங்க, வண்டி புடிச்சு வர்றேன்."