புதன்கிழமை மட்டும் பின் சீட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. போடியிலிருந்து விடிகாலையில் மலைக்குப் போகும் ஜீப்புகளில் ஒன்றில் பெண்களைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. பதினோரு பேர். யார் வருவது, யார் வேண்டாம் என்பதெல்லாம் நான் சொல்வதுதான். டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டு எனக்கு. போடிமெட்டு வளைவுகளில் பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் அந்த சீட்டை யாருக்கும் விட்டதில்லை. என் வாயும் கொஞ்சம் நீளம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, என்னைவிட நாலைந்து வயது இளையவள், எனக்கு உடன்பிறவாத தங்கச்சி மாதிரி. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்காகவே நான் பல நாள் வெறும் சோற்றோடு போயிருக்கிறேன்.

எங்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி கட்டைப்பைதான். ஊரில் ஒரே துணிக்கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் வேறென்ன ஆகும்? ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, தோட்டத்து ஸ்டோர் வாசலில் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். தண்ணீர் பாட்டிலுக்காக என் பை என்று நினைத்து ஒரு பையைத் திறந்தேன். அது அவளுடையது. உள்ளே தாளில் பொதிந்த உலர்ந்த ஏலக்காய், கால் கிலோ இருக்கும். நல்ல பச்சை நிறம், பருவெட்டான காய். தோட்டத்திலிருந்து ஒரு காயை வெளியே கொண்டுபோனாலும் கூட்டத்துக்கே வேலை போய்விடும். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என்னாடி இது?" என்று எல்லோர் முன்னாலும் பொட்டலத்தை ஆட்டிக் கத்தினேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எம்புள்ளைக மேல ஆணையா தெரியாது" என்றாள்.

நான் கேட்கவில்லை. பொட்டலத்தை ஸ்டோர் சாக்கில் கொட்டினேன். நாளையிலிருந்து ஜீப்பில் ஏறாதே என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே கேரளத்தில் தன் ஊருக்குப் போயிருந்த தோட்டத்து சூப்பர்வைசர் எட்டு நாள் கழித்துத் திரும்பி என்னிடம் வந்து, "சேச்சீ, உங்க சர்ச்சு அறுப்புப் பண்டிகைக்கு முதலாளி தந்த ஏலக்கா போதுமா? கேக்கச் சொன்னாரு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க பையிலதான வச்சேன்? எப்பவும் நீங்க மாட்டுற ஆணியில தொங்குச்சே" என்றார்.

அன்றைக்கு அந்த ஆணியில் பையை மாட்டியது அவள். நானே பை மாறித் திறந்தவள், இன்னொருவருக்கும் மாறியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை பாருங்கள்.

ராத்திரி முழங்காலில் நின்று ஆண்டவரிடம் அழுதேன். மன்னியும் மன்னியும் என்று கேட்டேன். எழுந்தபோது மனசு லேசாகிவிட்டது. மறுநாள் அவளுக்கு ஆள் விட்டேன். என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? "போனது போகட்டும், நாளையிலருந்து வரச் சொல்லு." தப்புச் செய்தவள் நான், பெருந்தன்மையும் நானே காட்டினேன்! அவள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பக்கா" என்றாள்.

அதன்பிறகு அவள் பையை யாரும் தங்கள் பையோடு சேர்த்து வைக்கவிடவில்லை. தினமும் சாயங்காலம் ஜீப்பில் ஏறுமுன் அவள் என் முன்னால் வந்து, நான் கேட்காமலேயே பையைத் திறந்து காட்டுவாள். தூக்குவாளி, துண்டு, வெற்றிலை. நானும் சரி சரி என்று தலையாட்டுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

அந்த சமயத்தில்தான் எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு பகுதி கொடுத்தார்கள். லேவியராகமத்தில் குற்றநிவாரண பலி. யாரும் விரும்பி எடுக்காத பகுதி. எனக்கென்ன, ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று இருந்தேன்: அந்தக் காலத்து இஸ்ரவேலர் ஆட்டுக்கடா கொண்டுவந்தார்கள், நமக்கு இயேசுவே பலியானார், முடிந்தது. ஆனாலும் படிக்காமல் போகக்கூடாதே என்று வேதத்தைத் திறந்தேன். அடுத்தவனுக்குத் துரோகம் செய்தவன் எடுத்ததை அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பலி செலுத்த வருகிற அந்த நாளிலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும்.

நான் அவளிடம் எதையும் எடுக்கவில்லையே என்று முதலில் எனக்குள் வாதாடினேன். உடனே அந்தத் திறந்த பை கண்முன் வந்தது. ஒரு பெண் தன் பையை மூடி வைத்துக்கொள்ளும் மரியாதையை நான் எடுத்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். இந்த முறை மனசு லேசாகவில்லை.

மறுநாள் புதன்கிழமை. போடியில் ஜீப்பு கிளம்புமுன் இறங்கிப் பின்பக்கம் போய், எல்லோரையும் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "இவ திருடலை. அது சர்ச்சுக்குக் குடுத்த காய். எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். நாந்தான் சொல்லலை." வேலையில்லாமல் போன நாட்களின் கூலியை அவள் மடியில் வைத்தேன்.

அவள் உடனே மன்னித்துவிடவில்லை. "ரெண்டு மாசமா நான் பையத் தொறந்து தொறந்து காட்டுனேனேக்கா. தெரிஞ்சுக்கிட்டா தலையாட்டுன?" என்றாள். நான் போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மத்தியானம் சோற்று நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வேதத்தில் இப்படி ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன். "ஒங்க சாமி வெவரமானவருதான்" என்றாள். "எங்க சாமிக்கின்னா நீ கெடாய வெட்டிட்டுப் போயிருப்ப. இரு, யோசிச்சுச் சொல்றேன்." குழம்பு மட்டும் தரவில்லை.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், முன் சீட்டில் அவள்! மடியில் கட்டைப்பை. அதன் வாயைச் சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வெரசா ஏறுக்கா, பின்னால. ஞாயிறும் சந்தை நாளும் போக வாரத்துல அஞ்சு நா சோலி. புதன்கிழம முன் சீட்டு எனக்கு. அஞ்சுல ஒண்ணு, கணக்கு சரியா வருதா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜீப்பே ஆடியது. நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். ஏழாவது வளைவு இறங்குவதற்குள் எனக்குப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. டிரைவரை நிறுத்தச் சொன்னது அவள்தான். இறங்கி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருசமா நாங்க இப்படிப் பொரட்டிக்கிட்டுத்தான் வர்றோம். நீ முன்னால ஒக்காந்துக்கிட்டு வெயிலடிக்குதுன்னு சலிச்சுக்கிருவ" என்றாள். அது எனக்கு அன்றுவரை தெரியவே தெரியாது. அடுத்த நாள் குழம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஐந்து நிமிடம்தான் பேசினேன். இயேசு எனக்காக அந்த ஆட்டுக்கடாவின் இடத்தில் நின்றார், அதை முழுசாக நம்புகிறேன். ஆனால் அவளிடம் போய் நிற்க வேண்டிய இடம் என்னுடையது, அதை அவர் எனக்கே விட்டுவைத்திருக்கிறார். இதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"போதும்க்கா, கணக்கு தீந்துச்சு, முன்னால வா" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். நான்தான் கேட்பதில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு புதன்கிழமையும் கையில் எலுமிச்சம்பழத்தோடு பின்னால்தான் உட்காருகிறேன். குமட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் எட்டி முன் சீட்டைப் பார்ப்பேன், அவள் மடியில் அந்தப் பை மூடியே இருக்கும், எனக்கு அது போதும்.