ஹேமநாதனின் காலை வணக்கம்

அம்சாவின் கணவன் ஹேமநாதன் மாசி மாதம் நெஞ்சுவலியில் செத்துப்போனான். ஆடி பிறந்த பிறகும் தினமும் காலை ஆறு மணிக்கு அவன் இன்ஸ்டாகிராமில் வந்து, "வணக்கம்ங்க! திருத்தணி மலையிலேர்ந்து உங்க ஹேமநாதன்" என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் அம்சா செய்த வேலை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ஏழு சீட்டு வண்டி. திருத்தணி, திருப்பதி, காளஹஸ்தி என்று கோயில் சுற்றுகிறவர்களை ஏற்றிப்போகும் தொழில். ஸ்டாண்டில் அப்படி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சென்னைக்காரர்கள் இவர்களைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் ஹேமநாதனின் வாய்தான். மொட்டைக்கு எங்கே நிற்பது, படியேறினால் எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம் என்று மலைமேல் நின்று பேசித் தள்ளுவான். ஒரே நாளில் பத்து வீடியோ. பிடிப்பவள் அம்சா.

அவன் போனதும் அவளே நின்று பேசலாம் என்றால், மலை ஏற வழியில்லை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலைக்கோயில் படியை மிதிக்கக் கூடாது. வீடியோ நின்றால் இன்ஸ்டா பக்கம் படுத்துவிடும், அதோடு வண்டியும் படுத்துவிடும். வேறென்ன செய்வாள் பாவம்? போடாமல் போனில் கிடந்த பழைய வீடியோக்களை, நாளுக்கு ஒன்றாகத் தானே போய் விழும்படி நேரம் குறித்து வைத்துவிட்டாள்.

பாழாய்ப்போன மனசு அதோடு நிற்கவில்லை. "அண்ணா நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "சூப்பரா இருக்கேன்ங்க" என்று அவன் பேரில் பதில் எழுதினாள். பக்கத்து அறையிலிருந்து அவன் சொல்லச் சொல்லத் தான் எழுதுவது போலவே இருக்கும். சில நாள் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டுத் திடுக்கிடுவாள். பயமாக இருந்தது. அந்தப் பயம் பிடித்தும் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் முன்பு, மாதவரத்திலிருந்து யுவஸ்ரீ என்ற பெண் ஐந்து வயது மகனுடைய வேண்டுதல் மொட்டைக்கு மறுநாள் வர வண்டி பேசியிருந்தாள். "பையன் உங்களைப் பார்த்தே ஆகணும்னு அடம் பண்றான் அண்ணா" என்று எழுதியிருந்தாள். பழகிப்போன விரல் யோசிக்காமல், "மேல வாங்க, பார்க்கலாம்" என்று தட்டி அனுப்பிவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு ஹேமநாதனின் போன் அவள் கையில் அடித்தது. அம்சா எழுத்துக்குத்தான் பதில் சொல்வாள், அழைப்புகளை டிரைவர் தணிகைவேல் தன் போனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வான். நான்காவது முறையும் அடித்தபோது பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டாள். மலையிலிருந்து யுவஸ்ரீ.

"அண்ணன் எங்கங்க? டிரைவரக் கேட்டா போன்ல கேளுங்கன்றாரு. மொட்டை போட்டாச்சு. ஒரு மணி நேரமா தேடிகினு இருக்கோம். பையன் ஒவ்வொரு ஆளு மூஞ்சியா பார்த்துகினு சுத்துறான், எறங்க மாட்டேன்றான்."

அந்தப் பிள்ளை தேடும் முகத்தைத்தானே அவளும் இத்தனை மாதமாகத் தேடுகிறாள்! பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அவரு இல்லம்மா. மாசியிலயே போயிட்டாரு. நான் அவரு வூட்டுக்காரி. எல்லாம் பழைய வீடியோம்மா."

கோயில் மைக்கின் சத்தத்தையும் மீறி யுவஸ்ரீ கத்தினாள்.

"அடிப்பாவி! செத்தவரு பேர்ல 'மேல வாங்க'ன்னு எழுத உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? எம்புள்ளைக்கு நான் இப்ப இன்னான்னு சொல்றது?"

யுவஸ்ரீ கேட்டது நியாயம்தான்.

வண்டி நின்றால் நிற்கட்டும் என்று அம்சா இன்ஸ்டா பக்கத்தில் உண்மையை எழுதிப்போட்டாள். பிறகு, வரிசையில் காத்திருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். சாவன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கடைசி ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். மலைப்படியில் நின்று பேசி முடித்துவிட்டு, ஹேமநாதன் நேராக அவளைப் பார்க்கிறான்.

"எடுத்துட்டியா அம்சா? நான் வந்துடட்டா?"

கீழ்ப்படியில் போனைப் பிடித்து நின்ற அவளுடைய குரல் மட்டும் கேட்கிறது. "ஆங், போதும்யா. எறங்கி வா."

அவன் இறங்கத் தொடங்குகிறான். இரண்டாவது படியில் வீடியோ முடிந்துவிடுகிறது.

அதை அவள் அழிக்கவில்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அவன் இரண்டு படிதான் இறங்கினான்.